அலாட்மென்ட் தோட்டத்துக்கு விதை வாங்குதல்: கொடுக்கும் காசுக்கு நிறைந்த பலன் பெறும் வழிகள்

பிரிட்டனில் அலாட்மென்ட் தோட்டம் (நகர மன்றம் போன்றவற்றிடம் வாடகைக்குப் பெறும் காய்கறி நிலம்) வைத்திருப்பவர்களின் பணம் வெயில் காலத்தைவிடக் குளிர்காலத்திலேயே அதிகம் கரைகிறது. நிலத்தில் கால் வைக்க முடியாத டிசம்பரிலும் ஜனவரியிலும் விதை நிறுவனங்களின் வண்ணப் பட்டியல்கள் வீடு தேடி வருகின்றன. வெளியே மழையும் இருட்டுமாக இருக்கும்போது, படத்தில் சிவந்து தொங்கும் தக்காளியைப் பார்த்து எதையும் வாங்கிவிடலாம் என்று தோன்றும். மரபான முழு அளவுத் தோட்டம் என்பது 10 ‘ராட்’ (பழைய நில அளவு), அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். புதிதாகச் சேருவோருக்கு இப்போது பல நகர மன்றங்கள் அதில் பாதியைத்தான் கொடுக்கின்றன. அந்தப் பாதி நிலத்துக்கு நாற்பது பாக்கெட் விதை வாங்குவோர் உண்டு. அவற்றில் பெரும்பகுதி பிரிக்கப்படாமலே முதுமை அடைகிறது.

விதை வாங்குவதில் கவனிக்க வேண்டியது பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விலையை அன்று. பாத்தியில் நின்று காய் கொடுக்கும் ஒரு செடிக்கு முடிவில் எவ்வளவு செலவானது என்பதையே. இந்தக் கணக்கைப் போடத் தொடங்கினால், மலிவாகத் தெரிந்த சில பாக்கெட்டுகள் விலை கூடியவை என்பதும், கண்ணை உறுத்தும் விலை கொண்ட சில பாக்கெட்டுகள் உண்மையில் லாபமானவை என்பதும் தெளிவாகும்.

வாங்குமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பிப் பார்ப்பது. எல்லா விதைகளுக்கும் ஆயுள் ஒன்றல்ல. பார்ஸ்னிப் (கேரட்டைப் போன்ற வெண்ணிறக் கிழங்கு) விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்குவதே நல்லது. வெங்காய விதையும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நம்பத் தகுந்ததன்று. வெங்காய இனத்து லீக்ஸ், ஸ்வீட்கார்ன் ஆகியவை இரண்டு ஆண்டுகள் வரையிலும், கேரட், பட்டாணி, பீன்ஸ் வகைகள் மூன்று ஆண்டுகள் வரையிலும் ஓரளவு நன்றாக முளைக்கும். முட்டைக்கோஸ் இனத்துச் செடிகள், லெட்டூஸ், பீட்ரூட், தக்காளி, வெள்ளரி, பூசணி வகைகள் ஆகியவற்றின் விதைகள் முறையாக வைத்திருந்தால் நான்கைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும். ஆகவே, சென்ற ஆண்டின் தக்காளி விதை மீதம் இருக்கையில் அதே ரகத்தைப் புதிதாக வாங்குவது வீண். சென்ற ஆண்டின் பார்ஸ்னிப் விதையை மிச்சப்படுத்தி விதைப்பதோ, ஏப்ரல் முழுவதும் வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கவே உதவும்.

ஐயம் உள்ள பாக்கெட்டைச் சோதித்துப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. ஈரமாக்கிப் பிழிந்த கிச்சன் டவலில் இருபது விதைகளைப் பரப்பி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். முட்டைக்கோஸ், லெட்டூஸ் போன்றவை ஒரு வாரத்துக்குள் முளைவிடும். கேரட்டுக்கு இரண்டு வாரமும், மிளகாய்க்கு அதற்கு மேலும் பொறுத்திருக்கலாம். இருபதில் பதினைந்து முளைத்தால் பழைய பாக்கெட்டையே பயன்படுத்தலாம். பத்துத்தான் முளைத்தது என்றால் சற்று நெருக்கமாக விதைத்துத் தீர்த்துவிடலாம். அதற்கும் கீழே போனால் புதிது வாங்க வேண்டியதுதான்.

அடுத்தது, குடும்பம் என்ன சாப்பிடுகிறது, எத்தனை செடிகள் வேண்டும் என்று தாளில் எழுதுவது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு கூர்ஜெட் (சுக்கினி) செடிகள் போதும். மூன்றாவது செடியின் காய்களை ஆகஸ்டில் அண்டை வீட்டாரும் வாங்க மறுப்பார்கள். முட்டைக்கோஸ் பாக்கெட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். ஆனால் ஒரே சமயத்தில் முற்றும் முட்டைக்கோஸ்களில் பத்தைக்கூட ஒரு வீடு தின்று தீர்க்காது. மாறாக, பட்டாணியும் பிராட் பீன்ஸும் ஒரு விதைக்கு ஒரு செடி என்ற கணக்கில் ஏராளமாகச் செலவாகும். ஐம்பது அறுபது விதைகள் கொண்ட சிறு பாக்கெட் ஒரு வரிசைக்கே போதாமற்போகலாம். எதைச் சிறிதாக வாங்குவது, எதைப் பெரிதாக வாங்குவது என்பதை இந்தத் தாள்தான் சொல்லும்.

பாக்கெட்டைப் படிக்கும் முறை

ஒரே அளவு உறைக்குள் இருபது விதையும் இருக்கலாம், இரண்டாயிரமும் இருக்கலாம். சில நிறுவனங்கள் எண்ணிக்கையையும், சில நிறுவனங்கள் எடையையும் அச்சிடுவதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. தோராயமாகச் சொன்னால், ஒரு கிராம் கேரட் விதையில் 800 விதைகளும், தக்காளியில் 300-க்கு மேலும், முட்டைக்கோஸிலும் வெங்காயத்திலும் 250 அளவிலும் இருக்கும். பிராட் பீன்ஸில் ஒரே விதை ஒரு கிராமுக்கு மேல் எடை இருக்கும். இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு நூறு விதைக்கு என்ன விலை என்று கணக்கிட்டால் போதும். எடுத்துக்காட்டாக, 200 கேரட் விதை ஒரு பவுண்டுக்கும் 1000 விதை இரண்டரைப் பவுண்டுக்கும் கிடைத்தால், நூறு விதையின் விலை முதலாவதில் 50 பென்ஸ், இரண்டாவதில் 25 பென்ஸ். கேரட்டுக்கு இந்த வேறுபாடு பொருளுள்ளது. ஏனெனில், பத்து மீட்டர் வரிசைக்கே சில நூறு விதைகள் தேவைப்படும். கூர்ஜெட்டுக்கோ இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. இரண்டு செடி வேண்டியவருக்கு ஐம்பது விதை மலிவாகக் கிடைப்பதில் என்ன பயன்?

உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ‘பேக் செய்த ஆண்டு’, ‘இதற்குள் விதைக்கவும்’ என்ற வரிகளைப் படிக்காமல் எந்தப் பாக்கெட்டையும் எடுக்கக் கூடாது. உள்ளுறை காற்றுப் புகாத அலுமினியத் தாளால் ஆனதா என்பதையும் பார்க்கலாம். பிரிக்கும் வரை அது விதையின் ஆயுளைக் காக்கும், பிரித்த பிறகு அந்தச் சலுகை முடிந்துவிடும். முக்கிய காய்கறி விதைகளுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச முளைப்புத்திறன் வரையறுக்கப்பட்டுள்ளது: கேரட்டுக்கு 65 விழுக்காடு, தக்காளிக்கு 75, பட்டாணிக்கு 80. அதாவது, மலிவு அங்காடியின் விதையும் இந்த அளவைத் தாண்டித்தான் விற்பனைக்கு வர வேண்டும். விலை குறைவு என்பதற்காகவே விதை மட்டமானது என்று கருத வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலும் குறைவது ரகங்களின் தெரிவும் சில வேளைகளில் எண்ணிக்கையுமே.

தாள் நாடாவில் ஒட்டிய விதை, களிமண் பூசி உருட்டிய விதை ஆகியவை இடைவெளி விட்டு விதைக்க வசதியானவை. ஆனால் அந்த வசதிக்கான விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. விரல் நுனியில் சிறு விதைகளை எடுக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு அது தகும். மற்றவர்கள் விதையோடு சிறிது உலர்ந்த மணலைக் கலந்து தூவினால் அதே பயன் கிடைக்கும். இன்னொரு செய்தி: உணவுப் பயிர்களின் விதைக்குப் பிரிட்டனில் வாட் வரி பூச்சியம், பூ விதைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

எஃப்1 விதைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

செலவில் உண்மையான வேறுபாட்டை உண்டாக்கும் கேள்வி இதுதான். எஃப்1 என்பது தேர்ந்தெடுத்த இரு பெற்றோர் வரிசைகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இணைத்து உருவாக்கும் வீரிய ஒட்டு விதை. செடிகள் ஒரே சீராக வளரும். பல ரகங்களில் நோய் எதிர்ப்பும் இருக்கும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது. ஆகவே ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். விலை கூடுவதோடு, பாக்கெட்டில் விதையும் குறைவாகவே இருக்கும்.

சீரான வளர்ச்சி விவசாயிக்குத்தான் பெரிதும் தேவை. வயல் முழுவதையும் ஒரே நாளில் அறுவடை செய்து லாரியில் ஏற்றுபவருக்கு எல்லாக் காலிஃபிளவரும் ஒன்றாக முற்றுவது லாபம். வீட்டுத் தோட்டக்காரருக்கு அதுவே தொல்லை. எனவே சீர்மைக்காக மட்டும் எஃப்1 வாங்குவதில் பொருளில்லை. பீட்ரூட்டில் ‘போல்ட்டார்டி’, லெட்டூஸில் ‘லிட்டில் ஜெம்’, பட்டாணியில் ‘கெல்விடன் ஒண்டர்’, ரன்னர் பீன்ஸில் ‘ஸ்கார்லெட் எம்பரர்’, பிராட் பீன்ஸில் ‘அக்வாடுல்சே கிளாடியா’, பார்ஸ்னிப்பில் ‘டெண்டர் அண்ட் ட்ரூ’ முதலிய பழைய ரகங்கள் மலிவு அங்காடிகளிலும் கிடைக்கின்றன. அலாட்மென்ட்காரர்கள் தலைமுறைகளாக நம்பி வரும் ரகங்கள் இவை.

நோய் வரும் இடத்தில் கணக்கு தலைகீழாகிறது. திறந்தவெளியில் நட்ட தக்காளியை ஜூலை, ஆகஸ்ட் மழையில் பின்பருவக் கருகல் நோய் ஓரிரு வாரத்தில் அழித்துவிடும். பசுமைக்குடில் இல்லாதவர் ‘மணிமேக்கர்’ விதையை ஒரு பவுண்டுக்கு வாங்கி, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தண்ணீரும் உரமும் உழைப்பும் செலவிட்டு, பழுக்கும் தறுவாயில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட நேர்ந்தால் அந்த ஒரு பவுண்டு விதைதான் தோட்டத்திலேயே விலை கூடியது. ‘கிரிம்சன் கிரஷ்’, ‘மௌண்டன் மேஜிக்’ போன்ற கருகலைத் தாங்கும் எஃப்1 ரகங்களில் பத்து விதைக்கு மூன்று நான்கு பவுண்டு கேட்டாலும், ஒரு செடிக்கு நாற்பது பென்ஸ்தான் ஆகிறது. பூந்தோட்டக் கடையில் ஒரு தக்காளி நாற்றின் விலையோ அதைப் போலப் பல மடங்கு. குடிலுக்குள் வளர்ப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ‘கார்டனர்ஸ் டிலைட்’ போன்ற சாதாரண ரகமே போதும்.

முட்டைக்கோஸ் இனத்தைத் தாக்கும் கிளப்ரூட் என்னும் வேர்வீக்க நோயும் அப்படியே. அது ஒருமுறை மண்ணில் இறங்கினால் இருபது ஆண்டுகள் வரைகூட நீங்காது. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் இந்த நோய் இங்கே உண்டா என்று விசாரித்த பிறகே விதை வாங்க வேண்டும். உண்டென்றால் ‘கிலாக்சி’, ‘கிலாட்டன்’ போன்ற எதிர்ப்பு ரகங்களுக்குக் கூடுதல் விலை கொடுப்பது சரி, இல்லையென்றால் அது வேண்டாத செலவு. கேரட் ஈ தொல்லை மிகுந்த இடத்தில் ‘ஃபிளைஅவே’, ‘ரெசிஸ்டாஃபிளை’ ஆகிய ரகங்கள் சேதத்தைக் குறைக்கும். ஆனாலும் மெல்லிய வலையால் பாத்தியை மூடினால் எந்த ரகத்தையும் காக்கலாம், வலை பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் அதில் போடும் பணமே மேல் என்பது என் கருத்து.

எந்த ரகம் நல்லது என்று தெரியாதபோது, அரச தோட்டக்கலைச் சங்கம் தன் சோதனைகளின் அடிப்படையில் வழங்கும் ‘ஏஜிஎம்’ (அவார்ட் ஆஃப் கார்டன் மெரிட்) முத்திரையைப் பட்டியலில் தேடலாம். ‘புதியது’, ‘எங்களிடம் மட்டும்’ என்ற முத்திரைகள் விற்பனைத் துறையின் சோதனையில் மட்டுமே தேறியவை.

எங்கே, எப்போது வாங்குவது

தனியாக வாங்குவதைவிடச் சங்கத்தின் வழியாக வாங்குவதே பெரும்பாலும் லாபம். பல அலாட்மென்ட் சங்கங்கள் இலையுதிர்காலத்தில் உறுப்பினர்களின் தேவையைத் திரட்டி ஒரே ஆர்டராக அனுப்புகின்றன. எசெக்ஸிலுள்ள கிங்ஸ் சீட்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கூட்டு ஆர்டர்களுக்குக் கணிசமான தள்ளுபடி தருகின்றன. சங்கத்தின் அறிவிப்புப் பலகையை செப்டம்பரிலேயே பார்த்துவிட வேண்டும். ஜனவரியில் விசாரித்தால் ஆர்டர் போய்விட்டது என்ற பதில்தான் வரும். அத்தகைய திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்துப் பாத்திக்காரர் இருவரோடு பேசி ஆளுக்குச் சில பாக்கெட் வாங்கி விதைகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அஞ்சல் செலவும் மூன்றில் ஒரு பங்காகும். ஐந்து பாக்கெட் மட்டும் தனியே வாங்கும்போது அஞ்சல் செலவு ஒரு பாக்கெட்டின் விலையையே எட்டிவிடுவதை மறக்கக் கூடாது.

லிடல், ஆல்டி முதலிய மலிவு அங்காடிகளில் ஆண்டின் தொடக்கத்தில் விதைகள் மிகக் குறைந்த விலைக்கு வரும். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, லெட்டூஸ் போன்ற அடிப்படை வகைகளை அங்கேயே வாங்கிக்கொண்டு, சிறப்பு ரகங்களுக்கு மட்டும் பட்டியல் நிறுவனங்களிடம் போவது சிக்கனமான வழி. கோடை முடிவில் பூந்தோட்டக் கடைகள் எஞ்சிய பாக்கெட்டுகளைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் தள்ளிவிடும். மேலே சொன்ன ஆயுள் கணக்கின்படி முட்டைக்கோஸ், தக்காளி, கூர்ஜெட், லெட்டூஸ் ஆகியவற்றை அப்போது அள்ளலாம், பார்ஸ்னிப்பையும் வெங்காயத்தையும் தொட வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் தொங்கிய பாக்கெட்டுகளை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

‘கிச்சன் கார்டன்’, ‘க்ரோ யுவர் ஓன்’ ஆகிய மாத இதழ்களின் அட்டையோடு விதைப் பாக்கெட்டுகள் இணைந்து வரும். அவற்றின் கடை விலையைக் கூட்டினால் இதழின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த விதைகள் நம் தாளில் எழுதியவையாக இருந்தால்தான் அது லாபம்.

வழக்கமான கடைகளுக்கு வெளியே விதை பெறும் இடங்களும் உண்டு. பிரைட்டனில் குளிர்காலத்தின் கடைசியில் நடக்கும் ‘சீடி சண்டே’ இந்நாட்டின் புகழ்பெற்ற விதைப் பரிமாற்ற நாள்; அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் சிறிய சந்தைகள் நடைபெறுகின்றன. கார்டன் ஆர்கானிக் அமைப்பின் ‘ஹெரிட்டேஜ் சீட் லைப்ரரி’ உறுப்பினர்களுக்கு, கடையில் கிடைக்காத மரபு ரகங்களிலிருந்து ஆண்டுதோறும் சிலவற்றைத் தெரிந்தெடுத்துப் பெறும் வாய்ப்பைத் தருகிறது. வேல்ஸிலுள்ள ‘ரியல் சீட்ஸ்’ எஃப்1 விதைகளை விற்பதே இல்லை. தங்களிடம் வாங்கிய விதையிலிருந்து மீண்டும் விதை எடுத்து, அடுத்த ஆண்டு தங்களிடம் வாங்காமல் இருக்கவே ஊக்குவிக்கும் வியப்பான வணிகர்கள் அவர்கள்.

பலசரக்குக் கடை விதைகளும் விதை உருளைக்கிழங்கும்

லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற இடங்களில் வாழும் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சமையலுக்கு விற்கும் முழுக் கொத்தமல்லி, வெந்தயம், கடுகு ஆகியவை நன்றாகவே முளைக்கும். சில கிராம் கொத்தமல்லி விதைக்குப் பூந்தோட்டக் கடையில் கொடுக்கும் பணத்துக்குப் பலசரக்குக் கடையில் ஒரு பெரிய பை கிடைக்கும். புதிய சரக்கா என்பதை முன்சொன்ன டவல் சோதனையால் அறிந்து, மல்லியை இரண்டாக உடைத்து, ஏப்ரல் முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைக்கலாம். கடைச் சரக்கு பெரும்பாலும் விதைக்காகப் பயிரிட்ட வகை. கோடையில் விரைவில் பூத்துவிடும். இலைக்காகவே நீண்ட நாள் வேண்டுமென்றால் ஒரு பாக்கெட் ‘கலிப்ஸோ’ வாங்குவது தகும்.

உருளைக்கிழங்கிலும் பூண்டிலும் இந்தச் சிக்கனம் கூடாது. சமையல் உருளைக்கிழங்கில் நச்சுயிரி நோய்கள் இருக்கலாம். பூண்டு வழியாக மண்ணில் வெள்ளை அழுகல் நோய் இறங்கினால் அடுத்த பல ஆண்டுகளுக்கு வெங்காயமே வைக்க முடியாது. சான்று பெற்ற விதைக்கிழங்கை மட்டுமே நட வேண்டும். குளிர்கால இறுதியில் பல ஊர்களில் நடைபெறும் ‘பொட்டேட்டோ டே’ விற்பனைகளில் கிழங்குகளை எண்ணி வாங்கலாம் என்பதால், ஒவ்வொரு ரகத்திலும் ஐந்தோ பத்தோ மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

வாங்கிய விதையைக் காத்தல்

விதைக்குப் பகை வெப்பமும் ஈரமும். விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். கோடையில் கொதித்துக் குளிர்காலத்தில் நனையும் தோட்டக் கொட்டகை இந்த விதியில் ஒருபோதும் தேறாது. ஆனால் பெரும்பாலானோர் விதையை வைத்திருப்பது அங்கேதான். பாக்கெட்டின் வாயை மடித்து ஒட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் கண்ணாடிச் சாடியில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு பாக்கெட்டின் செலவு மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பரவும். வெளியே எடுத்த சாடி அறை வெப்பத்துக்கு வரும் வரை திறக்கக் கூடாது. திறந்தால் விதைமேல் ஈரம் படியும்.

எஃப்1 அல்லாத பட்டாணி, ஃபிரெஞ்ச் பீன்ஸ், தக்காளி, லெட்டூஸ் ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பவை. நல்ல செடியிலிருந்து விதை எடுத்துக்கொண்டால் அந்த ரகத்தை வாங்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடலாம். பூசணி, கூர்ஜெட் விதைகளை எடுக்க வேண்டாம். தேனீக்கள் அக்கம்பக்கத்து ரகங்களைக் கலந்துவிடுவதால், அடுத்த தலைமுறைக் காய்கள் சில வேளை கடுங்கசப்பாகவும் வயிற்றுக்குத் தீங்கான நச்சுப்பொருள் உடையனவாகவும் வரலாம்.

ஊரின் காய்கள்

பாகல், புடல், பீர்க்கு, வெண்டை ஆகியவற்றைப் பிரிட்டனில் காய்க்க வைக்கப் பசுமைக்குடிலோ பாலிடனலோ (பிளாஸ்டிக் தாள் போர்த்திய வளைவுக் குடில்) வேண்டும். திறந்தவெளித் தோட்டத்துக்கு இந்த விதைகளை வாங்குவது பெரும்பாலும் ஆசைக்குக் கொடுக்கும் விலை. நம் அவரையில் பல வகைகள் பகல் குறுகிய பிறகே பூப்பதால், காய் முற்றுமுன் பனி வந்துவிடும். அதன் இடத்தில் ரன்னர் பீன்ஸைப் பிஞ்சாகப் பறித்து அவரைப் பொரியலைப் போலவே சமைக்கலாம். தண்டுக்கீரை, முளைக்கீரை இனங்கள் மட்டும் ஜூன் முதல் வெளியிலேயே நன்கு வளரும். கரீபியர்கள் அதே இனத்தைக் ‘கல்லலூ’ என்று வளர்ப்பதால் விதை இந்நாட்டிலேயே கிடைக்கிறது.

ஊருக்குப் போய் வரும்போது பெட்டிக்குள் விதை வைத்துக் கொண்டுவருவது இலவசம் போலத் தோன்றும். தக்காளி, மிளகாய், பீன்ஸ் உள்ளிட்ட விதைகளுக்கு, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும். விதையோடு வரும் நச்சுயிரி தோட்டம் முழுவதையும் பாதிக்கவும் கூடும். இணையச் சந்தைகளில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும் விதைக்கும் இதே விதிதான். இங்கே ஏற்கெனவே சில ஆண்டுகள் விதையெடுத்து வளர்த்து வரும் தமிழர், குஜராத்தியர், வங்காளியர் யாரேனும் உங்கள் தோட்டத்தில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். இந்த நாட்டுத் தட்பவெப்பத்தில் காய்த்துக் காட்டிய செடியின் விதை அவர்களிடம்தான் இருக்கும்.